ஒரு விரல் தள்ளி

தச்சர் கொண்டுவந்த தாளைப் பச்சை குத்துகிற பெண் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தாள். அலமாரிக்கு வரைவது போல, கூரிய பென்சிலால், ஒரு மார்பின் வெளிக்கோடு முழு அளவில் வரையப்பட்டிருந்தது. நடுநெஞ்சில் ஒரு புள்ளி. இரண்டு விலாப்பக்கமும் ஒவ்வொரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி அம்புக்குறி போட்டு மில்லிமீட்டர் கணக்கு வேறு.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

"இதுக்கு நான் எதுக்கு? ஒரு கொசு போதுமே."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவளைத் தேடி வருகிறவர்கள் சிங்கம் கேட்பார்கள், சிறகு கேட்பார்கள், பழைய காதலியின் பெயரை மூடி மறைக்கப் பெரிய பூவாகக் கேட்பார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர், விரல் இடுக்கில் மரத்தூளோடு வந்து மூன்று புள்ளி கேட்பது அவளுக்குப் புதிது. எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரிக்கு இருந்துச்சும்மா. ரேடியேஷன் வைக்கிறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில குத்துவாங்க. மெஷின் தினமும் அதே எடத்துல அடிக்கணும்ல, அதுக்கு அடையாளம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"எட்டு மாசம் ஆச்சு, போயி."

முதலில் அவர் மனைவியின் முகத்தைத்தான் குத்திக்கொள்ள நினைத்தார். அப்புறம் பெயரை, அவள் கையெழுத்திலேயே. ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து பார்த்துக் கசக்கிப் போட்டார். முகம் ஊருக்கே தெரிந்தது. பெயரைக் கூப்பிடாதவர் யார்? இந்தப் புள்ளிகள் மட்டும்தான் அவள் அவருக்கென்று காட்ட வந்தவை. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, வீட்டின் பின்புறம் இருக்கிற பட்டறைக்குள் நுழைந்து, சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி, "இங்க பாருங்களேன், நீங்க பலகைக்குக் குறி போடுற மாதிரி எனக்கும் போட்டு அனுப்பியிருக்காங்க" என்றாள். குரலில் கேலி இருந்தது. அவர் ஓர் இழுப்பறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். "பசை காஞ்சிரும். அப்புறம் பாக்குறேன்" என்றார். அவள் அவிழ்த்த ஒரு பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. பசையாவது மண்ணாவது, பயம். அறுவை சிகிச்சை செய்த இடத்தைப் பார்த்துவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடும் என்கிற கோழைத்தனமான பயம். ரேடியேஷன் நடந்த இருபத்தைந்து நாளும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள், குளிப்பாட்டித் துடைத்து மருந்து தடவியவள், அவளுடைய அக்காள். தச்சர் அந்த நாட்களில், தேவையே இல்லாத வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் அறுக்கும் மெஷினை ஓடவிட்டுவிடுவார்.

பெண் தாளின் மேல் விரலை ஓட்டினாள். "அளவெல்லாம் பக்காவா இருக்கு. எதை வச்சு எடுத்தீங்க?"

"மூணு எடம்னு ஆஸ்பத்திரி சீட்டுல போட்டிருந்துச்சு. அவ சட்டையை மேசையில விரிச்சு வச்சு அளந்தேன்."

"அது சரி. ஆனா தோலு பலகை இல்லையே சார். படுத்தா ஒரு எடத்துல இருக்கும், எழுந்தா நகந்திரும். நீங்க பாத்தப்போ எப்படி இருந்தாங்க? படுத்தா, உக்காந்தா?"

"நான் பாக்கல."

அவள் தாளை மடிப்புக் கலையாமல் அவரிடமே கொடுத்தாள். "பாத்தவங்க யாராவது இருந்தா கேட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

அக்காள் வேலை செய்கிற சலவைக்கடையில் போர்வைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அக்காள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போதும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. வந்த காரியத்தை அவர் திக்கித் திணறிச் சொன்னார். இஸ்திரிப்பெட்டி துணி மேலேயே நின்றது. கருகுவதற்குள் சட்டென்று தூக்கிவிட்டாள்.

"மூணு இல்ல தம்பி. நாலு."

"நாலா?"

"மொத தடவ அளந்த ஆளு ஒரு விரல் தள்ளிக் குத்திட்டான். அப்புறம் சரியான எடத்துல இன்னொண்ணு. எனக்குன்னா ஆத்திரம். இவ சிரிக்கிறா. 'எங்க வீட்டுக்காரரா இருந்தா ரெண்டு தடவ அளந்திருப்பாரு'ன்னு அவன்கிட்டயே சொல்றா. உன்னப் பத்தி அங்க அப்படிப் பெருமை பேசிட்டு இருந்தா."

அவர் ஒரு போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அக்காள் அவரை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அடுத்த துணியை எடுத்து விரித்தபடி, "எனக்கு வியாழக்கெழம லீவு" என்றாள்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"தப்பாக் குத்தினதும் வேணுமா சார்?"

பூசி முடித்த வேலையில் ஒரு பென்சில் கோடு தெரிந்தால் தூக்கம் வராத மனிதர் அவர். யார் கண்ணுக்கும் படாத அடிப்பலகையைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்.

"அதுதாம்மா மொதல்ல வேணும்."

சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். அக்காள் பேனாவோடு எதிரே வந்தாள். நெஞ்சருகே கொண்டுபோன கை, இங்கே என்றும் அங்கே என்றும் தடுமாறித் திரும்பியது. கூச்சம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். நாலைந்து தடவை முயன்றுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"எதிர்ல நின்னா எனக்கு எடம் தெரியல தம்பி. நான் பின்னாடி நின்னுதான் அவளக் குளிப்பாட்டுவேன். நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. அவ குனிஞ்சாப்லதான் உக்காருவா."

அவர் உட்கார்ந்து தோளைக் குறுக்கிக்கொண்டார். அக்காள் பின்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை அவர் தோளைத் தாண்டி இறங்கியது. இப்போது தயக்கம் இல்லை. நடுநெஞ்சில் ஒன்று. இடது விலாவில் ஒன்று. வலது விலாவில் ஒன்று. அதற்கு ஒரு விரல் தள்ளி இன்னொன்று. பேனா முனை ஜில்லென்றிருந்தது. வேலை முடிந்த பிறகும் அக்காளின் கை அவர் தோளிலேயே கிடந்தது.

"குளிக்கும்போது அவ முன்னாடி யாரு இருப்பா, அக்கா?" என்று கேட்டார்.

"யார் இருப்பா? நான் ஒருத்திதானே. முன்னாடி உன் பட்டறைப் பக்கத்துக் கதவுதான்." அக்காள் பேனாவுக்கு மூடி போட்டாள். "அதுக்குத் தாப்பா போட விடமாட்டா. தெறந்தே கெடக்கட்டும்னு சொல்லுவா."

பச்சை குத்துகிற பெண் கையுறையை மாட்டிக்கொண்டாள். தெருப்பக்கம் இருந்த கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று அதை மூடப் போனாள்.

"இருக்கட்டும்மா" என்றார் தச்சர்.