முப்பத்தெட்டு ரூபாய்க்குக் கீழே

ஓசூரில் ஜெயப்ரியா நடத்திய லேத் பட்டறையில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். ஒரு பெரிய கம்பெனிக்கு புஷ் என்னும் இரும்பு வளையங்களைக் கடைந்து கொடுத்தே எட்டு வருடம் ஓடியது. இந்த வருடம் அந்த வேலையை ஆன்லைன் ஏலத்தில் விடுவதாக மெயில் வந்தது. யார் குறைந்த விலை போடுகிறார்களோ அவர்களுக்கு மூன்று வருட ஆர்டர். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஏலத்துக்கு முந்தின நாள் பிரதாப் வந்தான். அவளிடம் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, உத்தனப்பள்ளியில் இரண்டு மிஷின் போட்டுத் தனியாக நடத்துகிறவன். அவனும் ஏலத்தில் இருந்தான்.

“அக்கா, ஒரு புஷ்ஷுக்கு முப்பத்தெட்டு ரூவாய்க்குக் கீழ போனா கையக் கடிக்கும். நான் போவ மாட்டேன், நீங்களும் போவாதீங்க. யாருக்குக் கெடச்சாலும் ஆளுக்குப் பாதியா செஞ்சுக்கலாம்.”

அவள் சரி என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஏலம் தொடங்கியது. மற்றவர்களின் பெயரும் தெரியாது, விலையும் தெரியாது. தான் எத்தனையாவது என்பது மட்டும் திரையில் தெரியும். கடைசி நிமிடத்தில் விலையை இறக்கி முந்திவிடலாம் என்று காத்திருந்து முப்பத்தெட்டு போட்டாள். இரண்டாவது இடம் என்று காட்டியது. கடைசி நேரத்தில் யார் விலை போட்டாலும் ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பிரதாப்புக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஆள் கூலி இல்லாமல் தானே மிஷின் ஓட்டுகிறவன். அவனால்தான் இதற்குக் கீழே போக முடியும் என்று தோன்றியதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பத்தேழு போட்டாள். முதலிடம். ஒரு நிமிடத்தில் மீண்டும் இரண்டு. முப்பத்தாறு, முப்பத்தைந்து என்று இறங்கினாள். கணக்கு மறந்துபோய், அவனைத் தோற்கடிப்பது மட்டும் மிஞ்சியது. முப்பத்து மூன்று ரூபாயில் ஏலம் முடிந்தபோது அவள் முதலிடத்தில் இருந்தாள்.

நேரே உத்தனப்பள்ளிக்கு வண்டியை விட்டாள். பிரதாப் மிஷினில் நின்றிருந்தான். போன் ஆபீஸ் மேஜையில் கிடந்தது.

“நான் முப்பத்தெட்டோட நிறுத்திட்டேன்க்கா. மூணாவதுன்னு காட்டுச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்,” என்றான். “ஒங்களுக்கா கெடச்சுது? என்ன வெலைக்கு?”

அவள் சொன்னாள். அவன் மிஷினை நிறுத்தினான்.

“நீதான் கொறைக்கிறேன்னு நெனச்சேன் பிரதாப்.”

அவன் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பின்வாங்கினால் சப்ளையர் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள் என்று கம்பெனியில் சொன்னார்கள். அடுத்த மாதம் மூத்த ஆளான திம்மராயனையும் இன்னொருவரையும் அவள் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த விலைக்குப் பாதி வேலையை எடுத்தாலும் கட்டாது என்று பிரதாப் மிஷின்களை விற்றுவிட்டு, கிருஷ்ணகிரியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வந்துவிடும்படி அவள் கேட்டாள். வேண்டாம் என்று தன்மையாகவே சொன்னான்.

இப்போது ஒரு மிஷினில் அவளே நிற்கிறாள். கடைகிற ஒவ்வொரு புஷ்ஷும் நஷ்டம்தான். ஆர்டர் முடிய இன்னும் இரண்டு வருடம் எட்டு மாதம் இருக்கிறது.