பன்னிரண்டாம் படம்

அருளம்பலத்தாரின் கையிலிருந்து புறப்படும் எந்தக் காகிதமும் நான்கு மூலையிலும் பிள்ளையார் கோயில் சந்தனம் பூசாமல் படலை தாண்டியது கிடையாது. விண்ணப்பப் படிவம், பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கை, அயலவரைப் பற்றிக் கந்தோருக்கு எழுதும் மொட்டைக் கடிதம், எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். முப்பத்திரண்டு வருடம் சுகாதாரக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அவ்வளவு காலமும் அவர் தொட்டது கோவைகளையும் றப்பர் முத்திரையையும்தான். ஒரு நோயாளியைத் தொட்டதற்குச் சாட்சி இல்லை. ஆனாலும், “நாங்கள் மெடிக்கல் பக்கம்” என்று ஒருதரம் சொல்லாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

பராசக்தி அவருடைய மனைவி பத்மாவதியின் தங்கை. முப்பத்திமூன்று வயது. கொக்குவிலில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிப்பவள். பிறவியிலேயே அவளுக்குச் சிக்கிள் செல் நோய். இரத்தத்தில் வட்டமாக உருள வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து, சின்ன நாளங்களுக்குள் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு வழியை அடைத்துவிடும். குளிர்ந்தால், களைத்தால், தண்ணீர் குடிக்க மறந்தால் எலும்பெல்லாம் நோவெடுக்கும். இருபது வயதுவரை ஊர் அதை வாதம் என்றது. அதற்குப் பிறகு இரத்தத்தைச் சோதித்துப் பெயர் சொன்னார்கள். பெயர் வந்ததால் நோவு குறையவில்லை. விசாரிக்க வருகிறவர்களின் தொகை கூடியது.

அந்த மாசி மாதம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது, வலது கையிலிருந்து வெண்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். விரல்கள் சொன்னது கேட்கவில்லை. பலகையில் பாதி எழுதிய கணக்கின் பெயரைச் சொல்ல வாயெடுத்தால் அந்தச் சொல்லும் இல்லை. பத்து வருடமாக நாளுக்கு நாற்பது தரம் சொன்ன சொல். ரீச்சர் ஏதோ சோதனை வைக்கிறா என்று நினைத்து முப்பது மாணவரும் மரியாதையாக மூச்சையடக்கிக்கொண்டு இருந்தார்கள். கால் மணித்தியாலத்தில் விரல் வந்தது. சொல்லும் வந்தது: தொகையீடு.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தில்லைநாதன் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

“ரீச்சர், உந்த வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு மூளைக்குள்ளையும் நாளம் அடைபடலாம். சிலநேரம் ஒரு சின்ன இடம் சத்தமில்லாமல் செத்துப்போகும். தலைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. தலையை ஸ்கான் பண்ணிப் பாக்கவேணும்.”

“இஞ்சை செய்யலாமோ, டொக்டர்?”

“இஞ்சை லைற் போடவே கரண்ட் இல்லை. கொழும்புக்குத்தான் போகவேணும்.”

சண்டைக் காலத்தில் கொழும்புக்குப் போவதென்றால் இயக்கம் தரும் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால், போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். அருளம்பலத்தார் பிணை நின்றார். நின்ற நாள்தொடக்கம் பராசக்தியின் தலை அவருடைய பொறுப்பில் வந்துவிட்டதாகவே நடந்துகொண்டார். பாஸின் நான்கு மூலையிலும் சந்தனம் பூசிக் கொடுத்தார். கிளாலிக் கரையில் வள்ளத்தில் ஏறமுன் அதை வாங்கிச் சோதித்த பொடியன், “அக்கா, இது பாஸோ கலியாணக் கார்ட்டோ?” என்று கேட்டான்.

வள்ளத்தில் உப்புக்காற்று எலும்புக்குள் ஏறியது. தண்ணீர்ப் போத்தலை அணைத்துப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டினாள். கொழும்பில் பெரியதொரு வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்க வைத்து, அசையக்கூடாது என்றார்கள். அசையாமல் கிடந்தபடி மனதுக்குள் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது. சரி என்று சொல்வதும் அதே மூளைதானே என்ற நினைப்பு அப்போதுதான் முதன்முதல் வந்தது. அதன்பிறகு அது போகவில்லை.

படம் கைக்குக் கிடைத்தது. எழுத்திலான அறிக்கை அடுத்த கிழமை தபாலில் வரும் என்றார்கள். பாஸின் நாட்களோ முடிந்துகொண்டிருந்தன. அறிக்கை இல்லாமல், படத்தை மட்டும் பெரிய உறையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவள் அடுத்த நாள்தான் எழும்பினாள். படம் அத்தானின் பாதுகாப்பில் இருந்தது.

ஞாயிறு காலை அருளம்பலத்தார் அந்தப் படத்தை முன்னறை யன்னல் கம்பியில் உடுப்புக் கிளிப்பால் மாட்டினார். வெயில் நேரே அடித்தது. பெரிய கறுப்புத் தகட்டில் வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, பன்னிரண்டு சிறு படங்கள். கழுத்துப் பக்கம் தொடங்கி உச்சிவரைக்கும் பராசக்தியின் தலை துண்டு துண்டாக அங்கே தொங்கியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம் இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மார்க்கண்டருக்கும் ஒரு கதிரை கிடைத்தது.

“வெட்டின வெங்காயம் மாதிரியெல்லே கிடக்கு,” என்றார் மார்க்கண்டர்.

“வாயை மூடும் காணும். இது மெடிக்கல் விசயம்.” அருளம்பலத்தார் குடையை மடக்கி அதன் கம்பியால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டு போனார். “சுத்தி வெள்ளையாய்த் தெரியிறது மண்டையோடு. உள்ளுக்குச் சாம்பல் நிறமாய்க் கிடக்கிறது மூளை. செத்த இடம் கறுப்பாய்த் தெரியும். இது ஒண்டுமில்லை... இதுவும் ஒண்டுமில்லை...” பதினோராம் படம்வரைக்கும் அவருடைய குரலில் ஒரு ஏமாற்றம் வளர்ந்துகொண்டே வந்தது. பன்னிரண்டாம் படத்தில், கீழ் மூலையில், குடை நின்றது.

“இந்தா!”

இருந்தது. பெருவிரல் நுனியளவில் ஒரு கறுப்பு.

பத்மாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். “ஐயோ, என்ரை தங்கச்சி!”

“அழுது பிரயோசனமில்லை, பத்மா. நான் போன மாசமே நினைச்சனான்.” அருளம்பலத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குடை நுனியால் அளந்தார். “எட்டு வீதம். கூடினால் ஒன்பது.”

“மிச்சம் தொண்ணூற்றிரண்டு கிடக்கெல்லே?” என்றார் மார்க்கண்டர். “எனக்கு முழுக்க இருந்தும் ஓ.எல். மூண்டுதரம் பெயில்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பம்மை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

பராசக்தி எழும்பிக் கிட்டப்போய்ப் பார்த்தாள். ஏதோ ஒன்று உறுத்தியது. அந்தக் கறுப்பு மூளையோடு நிற்கவில்லை. சுற்றியிருந்த வெள்ளை வளையத்தையும் ஒரு கடி கடித்துக்கொண்டு வெளியே போயிருந்தது.

“அத்தான், இது எலும்புக்கு மேலாலும் போகுதெல்லோ?”

“பிள்ளை, நீர் கணக்குப் படிச்சனீர். நான் மெடிக்கல் பக்கம்.”

அவள் யன்னலை விட்டு விலகினாள். எட்டு வீதம் போன தலைக்குள் எழும்பிய சந்தேகத்துக்கு என்ன பெறுமதி? பிழையான தராசை அதே தராசில் வைத்து நிறுக்க முடியுமா? மத்தியானம் கிணற்றடியில் இருந்து கடுமையான கணக்குகளாகத் தேடி ஒன்பது செய்தாள். ஒன்பதும் சரி. மனம் ஆறவில்லை.

பின்னேரம் அத்தான் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். தன்னுடைய பழைய தட்டச்சுப் பொறியில் தானே அடித்து நிரப்பியது. சுகவீனம் காரணமாக ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறுவதற்கான விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் ‘மூளைப் பாதிப்பு’ என்று இருந்தது. அடியில் கோடும் இழுத்திருந்தார். நான்கு மூலையிலும் சந்தனம்.

“நாளைக்கு டொக்டரின்ரை கையெழுத்தும் உம்மடை கையெழுத்தும் விழுந்தால் காணும். இனி வீட்டிலை ஆறுதலாய் இருக்கலாம். நாங்கள் பாப்பம்.”

அவர் அதை உண்மையான அன்போடுதான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. வெண்கட்டியும் கரும்பலகையும் போனால், அந்த வீட்டில் அவள் பாயில் கிடந்து பார்க்கப்படுகிற ஒரு வருத்தக்காரி மட்டுமே.

திங்கள் காலை அத்தானின் சைக்கிள் கரியரில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டொக்டர் தில்லைநாதனின் அறைக்குள் அவளை மட்டும் கூப்பிட்டார்கள். அருளம்பலத்தார் படிவத்தோடு வெளியே நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் இருந்தார்.

டொக்டர் படத்தை யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு வரிசையாகக் கண் இறங்கியது. கடைசிப் படத்தில் நின்றது. பராசக்தியின் கை மடியிலிருந்த போத்தலைத் தேடியது.

“இதிலை ஒரு கறுப்பு கிடக்கு, ரீச்சர்.”

“ஓம் டொக்டர். எட்டு வீதமாம்.”

“ஆர் சொன்னது?”

“அத்தான். அவர் மெடிக்கல் பக்கம்.”

டொக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ ஒரு இடைவெளி கிடைத்தது. இப்போது கேட்காவிட்டால் இனிக் கேட்க முடியாது. கேட்டாள்.

“டொக்டர், என்ரை தலையிலை பிழை இருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம். அடைபட்டுச் செத்தது மூளை எண்டால், அந்தக் கறுப்பு ஏன் மண்டையோட்டிலையும் ஏறிக் கிடக்குது? அதைத் தாண்டி வெளியிலை இருக்கிற கறுப்போடையும் போய்ச் சேருது. தலைக்கு வெளியிலையுமோ எனக்கு வருத்தம்?”

டொக்டர் மறுபடி பார்த்தார். படத்தை யன்னலிலிருந்து இறக்கி மேசையில் வைத்துச் சரித்தார். வெயிலுக்கு எதிரே கறுப்பாக இருந்த இடம், சரித்த வெளிச்சத்தில் மங்கலான மஞ்சளாகத் தெரிந்தது. மற்ற மூன்று மூலைகளிலும், தலையில் படாமல் கறுப்பு ஓரத்தின் மேல், அதே மஞ்சள் அதே அளவில் இருந்தது. அவர் நகத்தால் மெல்லச் சுரண்டினார். பிறகு படத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

“ரீச்சர், உங்கடை மூளை மணக்குது.”

“என்ன, டொக்டர்?”

“சந்தனம். எந்தக் கோயில்?”

வெள்ளிக்கிழமை. பாயில் கிடந்தபோது படலை திறந்து மூடிய சத்தம். அத்தானின் பாதுகாப்பு. எல்லாம் ஒன்றாக விளங்கியது. டொக்டர் ஈரப் பஞ்சால் ஒரு தரம் துடைத்தார். இரண்டாம் தரம் துடைத்தார். தூக்கிப் பிடித்தார். பன்னிரண்டாம் படத்தில் வளையம் முழுதாக வெள்ளையாக இருந்தது; உள்ளே சாம்பல் நிறம் சாம்பலாகவே இருந்தது.

“ஒரு இடமும் செத்துப்போனதாய்த் தெரியேல்லை,” என்றார். “இந்த மிசினுக்குப் பிடிபடாத சின்னன் ஏதும் இருக்கலாம். அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். அறிக்கையும் வரட்டும். மாசியிலை நடந்தது ஒரு எச்சரிக்கை. தண்ணி குடியுங்கோ, குளிரிலை நிக்காதையுங்கோ, மாசாமாசம் இஞ்சை வாங்கோ, தேவைப்பட்டால் இரத்தம் ஏத்துவம். மற்றும்படி...” அவர் சிரித்தார். “நான் படத்தைப் பாத்து ஏமாந்துபோனன். பிழையைப் பிடிச்சது உந்த மூளைதான். அதை வீட்டிலை வைச்சிருக்காதையுங்கோ, வகுப்புக்குக் கொண்டுபோங்கோ.”

பராசக்திக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து கண்ணீரும் வந்தது. போத்தலைத் திறந்து பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இவ்வளவு இனிப்பான கிணற்றுத் தண்ணீரை இத்தனை நாளும் மருந்துபோலக் குடித்திருக்கிறாள்.

வெளியே அருளம்பலத்தார் பக்கத்திலிருந்த மூன்று நோயாளிகளுக்கு மூளையின் பன்னிரண்டு தட்டுக்களைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் படிவத்தோடு எழும்பினார்.

“என்னவாம்? எட்டோ, ஒன்பதோ?”

“ஒண்டுமில்லையாம், அத்தான்.”

“அப்ப அந்தக் கறுப்பு?”

“டொக்டர் பஞ்சாலை துடைச்சுப்போட்டார்.”

“துடைக்கிற வருத்தமோ அது?”

“சந்தனம், அத்தான். கோயிலிலை படத்தின்ரை நாலு மூலையிலும் ஆரோ வைச்சிருக்கினம்.”

வாங்கிலிருந்த மூவரும் அருளம்பலத்தாரைப் பார்த்தார்கள். அவர் யன்னலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், நெற்றியை ஒருதரம் தடவினார். மெடிக்கல் பக்கத்தின் விரல் நுனியிலும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியது.

“உறைக்கு மேலை வைச்சால் பிள்ளையாருக்கு உள்ளுக்கு இருக்கிறது எப்பிடித் தெரியும்?” என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். பிறகு முதுகு மெல்ல நிமிர்ந்தது. “பாத்தீரே, பிள்ளை? சந்தனம் வைச்சபடியால்தான் ஒண்டும் இல்லாமல் வந்திருக்கு.”

பராசக்தி அவரோடு வாதாடவில்லை. சந்தோசமான நேரத்தில் அது வீண் வேலை. கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள்.

“இது இனி என்னத்துக்கு உமக்கு?”

“பின்பக்கம் வெறுமையாய்க் கிடக்கு, அத்தான். கடதாசி கிடைக்கிற காலமே இது? நாளைக்கு வகுப்புக்கு ஆறு கணக்கு எழுதவேணும்.”

அவர் சைக்கிளை எடுத்தார். அவள் கரியரில் ஏறி, படத்தை ஒரு கையாலும் போத்தலை மறுகையாலும் பிடித்துக்கொண்டாள். தண்டவாளம் பெயர்த்தெடுத்த ரயில் கடவையில் சைக்கிள் குலுங்கியபோது அவளுடைய வாய் தன்பாட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது.

“தொகையீடு.”

“என்ன சொன்னீர், பிள்ளை?”

“ஒண்டுமில்லை அத்தான். உழக்குங்கோ.”