கார்குழலியின் பிறந்தநாள் பேனர்

உப்பளம் கடைத்தெருவில் தட்சிணாமூர்த்தியின் ஃபிரிட்ஜ் கடை வாசலில் கட்டிய பிறந்தநாள் பேனர், கட்டிய வாரத்திலேயே தானாக எழுதிக்கொள்ளத் தொடங்கியது. ஊரில் பேனருக்குப் பஞ்சமில்லை என்பதால் யாரும் உடனே கவனிக்கவில்லை.

தட்சிணாமூர்த்திக்குப் பிறந்தநாள் என்றால் பேனர் வைத்தாக வேண்டும். வாடிக்கையாளர், வேலையாள் என்ற பேதமெல்லாம் கிடையாது. பில் போடும்போது கேட்டு வாங்கிய பிறந்த தேதி, தெரு, போன் நம்பர், ஆதாரிலிருந்து வெட்டிய முகம், எல்லாம் ஃபிளெக்ஸில் ஏறிவிடும். அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தார். பில் போடும் கார்குழலி மட்டும் வேலைக்குச் சேர்ந்த அன்றே, தன் விவரம் வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருந்தாள். மீன்பிடிக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். தாலி கட்டியவன் அவள் கையை உடைத்த பிறகு, அவனுக்குத் தெரியாமல் முதலியார்பேட்டையில் ஓர் அறை எடுத்திருந்தாள். ஆனாலும் அவள் பிறந்தநாளன்று கடை வாசலில் அவளுக்கும் பேனர் ஏறியது.

"வேணாம்னு சொன்னேனே சார். தெருப் பேரு வரைக்கும் போட்டிருக்கீங்க."

"கூச்சத்துல சொல்றன்னு நெனச்சம்மா. எல்லாருக்கும் வெச்சிட்டு ஒன்ன மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

அவரே ஏணி போட்டுக் கழற்றினார். நல்ல மனுஷன்தான், அதுதான் எரிச்சல். மறுநாள் காலையில் பேனர் பழைய இடத்திலேயே இருந்தது, அவளுடைய ரத்த வகையும் உடைந்த எலும்பின் பெயரும் கூடுதலாக. பக்கத்தில், வாஷிங் மெஷின் வாங்கிய டீச்சரம்மா தூக்கத்துக்குப் போடும் மாத்திரை. கடையில் யாரும் கேட்காததெல்லாம் அதில் வந்தது. வெட்டினார்கள், கொளுத்தினார்கள், திரும்ப வந்தது. காவல் நிலையத்தில், எழுதியவன் பேரைச் சொன்னால் வழக்குப் போடலாம் என்றார்கள். அவள் ஊரின் மறுகோடியிலிருந்த மேட்டுப்பாளையத்துக்கு வீடு மாறினாள். புது வீட்டைக் கூட்டி முடிக்கும் முன்பே கதவிலக்கம் பேனரில் ஏறியிருந்தது. ஊர் பழகிக்கொண்டது. கூரியர்காரர்கள் போன் போடுவதை விட்டுவிட்டுப் பேனரைப் படித்தார்கள். கல்யாணத் தரகர்கள் விடிந்ததும் வந்து நின்றார்கள்.

அவள் புருஷன் முத்துவேலைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வரவில்லை. அவன் அந்தக் கடையில் எதையும் வாங்கியதில்லை.

யாரோ பேனரைப் படம் பிடித்து ஏதோ குரூப்பில் போட்டிருக்கிறார்கள். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் முத்துவேல் வந்து, கீழே நின்று நிதானமாகப் படித்தான். எதிர் டீக்கடைக்காரர் பஸ் நம்பர்கூடச் சொல்லி அனுப்பினார். கார்குழலி அன்று லீவு. அவள் போனுக்குத் தட்சிணாமூர்த்தி கூப்பிட்டார்.

"அவன் பஸ் ஏறிட்டாம்மா. போலீசுக்குச் சொல்லிட்டேன், வரேன்னாங்க. கதவச் சாத்திக்கிட்டியா?"

"சாத்திட்டேன் சார்."

"ஆமா, இங்கயும் போட்டிருக்கு. 'உள்ளே தாழிட்டிருக்கிறார், தாழ்ப்பாள் ஆணி லூசு'ன்னு வருது. சரிதானாம்மா?"

அவள் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். சரிதான் என்றாள்.