எர்த் இல்லாத பெட்டி

மீட்டர் பொருத்த வந்தவன் பெட்டியின் கதவைத் திறந்தான், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான், மூடினான். அவ்வளவுதான் வேலை. வேனைக்கூட வயல் கேட்டுக்குள் முழுதாகக் கொண்டுவரவில்லை.

"இதுல எர்த் இல்லைங்கம்மா. எர்த் இல்லாம மீட்டர் மாட்ட முடியாது."

யூர்வென் மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, கொஞ்சம் தள்ளி மண்ணில் இறங்கியிருந்த செப்புக் கம்பியைக் காட்டினாள். "அதோ இருக்கே. கண்ணு தெரியலையா?"

"அது நீங்க போட்டுக்கிட்டது. லைன் கம்பெனிக்காரன் குடுக்கிற எர்த் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கணும்."

"நீங்களே போட்டுக்கங்கன்னு அவன்தானே சொன்னான்!"

"அப்ப அவங்கிட்டயே கேளுங்க."

வேன் பின்பக்கமாகவே போய்ச் சாலையில் ஏறியது. இவன் இரண்டாவது ஆள். முதலில் வந்தவனும் இதையேதான் சொன்னான். ஆனால் அவன் ஒரு கோப்பை தேநீராவது குடித்துவிட்டுப் போனான்.

அவள் கணவன் இட்வலுக்கு நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. இளமையெல்லாம் கற்பலகை ஆலையில் தூசு குடித்த உடம்பு. பழைய வீட்டின் செங்குத்துப் படிகளை ஏற முடியாமல் போனபோது, அதை விற்றுவிட்டு இந்த வயல் துண்டை வாங்கினார்கள். படியே இல்லாத ஒரு தரைவீடு கட்டுவது, அதுவரை சக்கரம் வைத்த பழைய கேரவன் வண்டி ஒன்றில் இருப்பது என்று ஏற்பாடு. கோடை முழுக்க ஜெனரேட்டர் ஓடியது. இலையுதிர் காலம் தொடங்கியதும் இட்வல் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்போது அவனுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் ஆகாது, லைன் கரண்ட்தான் வேண்டும் என்றார்கள். கரண்ட் வந்தால் அவன் வீட்டுக்கு வரலாம். வராவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

அவள் லைன் கம்பெனிக்கு போன் செய்தாள். கேரவனுக்குள் சிக்னல் கிடையாது. வாசல் படியில், இடது காலைத் தூக்கி வேலிக்கம்பத்தில் வைத்துக்கொண்டு நின்றால் கிடைக்கும்.

"கேரவனுக்கு எங்க எர்த்தைக் குடுக்கவே கூடாதும்மா, சட்டமே அப்படி," என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். பொறுமையான மனிதர். "எங்க லைன்ல நியூட்ரல் அறுந்துச்சுன்னு வைங்க, உங்க வண்டித் தகரம் முழுக்கக் கரண்ட் ஏறிடும். ஈரத்துல நின்னுக்கிட்டுக் கதவைத் தொட்டா முடிஞ்சது கதை. தற்காலிக இணைப்புன்னா உங்க மண்ணு, உங்க கம்பி. அதுதான் உங்களுக்கு நல்லது."

"மீட்டர்காரன் அதை ஏத்துக்க மாட்டேங்கிறானே?"

"அவங்க வேற கம்பெனிம்மா. அவங்களை நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எர்த் கண்ணில் படாமல் மீட்டர் மாட்டாதவனிடமும் பிழை இல்லை. இரண்டு நியாயங்களுக்கு நடுவே கதவே இல்லாத அறை ஒன்று இருந்தது. அதில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

செப்புக் கம்பியை மண்ணில் இறக்கியது எலக்ட்ரீஷியன் க்வில். ஊரில் அவனுக்கு வயர் க்வில் என்று பெயர். கேரவனுக்குப் பக்கத்தில் அடித்தபோது கம்பி கற்பலகையில் மோதி வளைந்தது. வேலியோரத்திலும் வளைந்தது. கடைசியில் ஓடைப்பக்கச் சேற்றில் நழுவிக்கொண்டு இறங்கியது. "இந்த ஊர்ல கல்லைத் தோண்டினா கல்லு வரும்," என்றான் க்வில். "மண்ணு கிடைச்சதே பெரிய விஷயம், யூர்வென். ரீடிங் அருமையா இருக்கு, பாரு." அவள் பார்த்தாள். எண் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் முகம் புரிந்தது.

மறுபடி மீட்டர் கம்பெனிக்கு அழைத்தாள். இந்தமுறை தங்கள் வெல்ஷ் மொழிக்கான எண்ணை அழுத்தினாள். வாய்க்குப் பழகிய மொழியில் சொன்னால் மனசிலுள்ளதும் போய்ச் சேரும் என்று ஒரு நம்பிக்கை. எடுத்தது ஓர் இளம்பெண், பள்ளிக்கூடத்தில் மொழி கற்றவள் போலிருந்தது. யூர்வென் எல்லாவற்றையும் சொன்னாள்: இட்வல், நுரையீரல், இயந்திரம், ஆஸ்பத்திரி. அந்தப் பெண் உச்சுக்கொட்டினாள். பிறகு கம்பி பற்றிய தன் கேள்விகளுக்கு வந்தாள்.

அவர்கள் மொழியில் கம்பியை எர்த் செய்வதற்கும் ஆளைப் புதைப்பதற்கும் ஒரே சொல். போதாததற்கு, 'அது' என்பதற்கும் 'அவன்' என்பதற்கும் வித்தியாசம் கிடையாது.

"அவரை மண்ணுக்குள்ள இறக்கியாச்சா?" என்றாள் அந்தப் பெண்.

"என்ன கேட்ட?"

"அவரை, அதாவது, முழுசா மண்ணுக்குள்ள இறக்கியாச்சான்னு கேட்டேன். எவ்வளவு ஆழம்னு சொன்னீங்கன்னா நல்லது."

"அவன் உயிரோடதாண்டி இருக்கான்!" என்று கத்திவிட்டு யூர்வென் போனை அணைத்தாள். வேலிக்கம்பத்திலிருந்து கால் வழுக்கியது.

வாடிக்கையாளரே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அங்கே பதிவாகிவிட்டது. வரவேண்டிய ஆள் வரவில்லை. அடுத்த தேதி கிடைக்க நவம்பர் ஆகும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது இட்வல் சிரித்தான். முகமூடிக்குள் மூச்சு அடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தான். நர்ஸ் ஓடிவந்து இருவரையும் திட்டினாள்.

"ஆறடின்னு சொல்லியிருக்கலாம்ல," என்றான் அவன், பேச்சு வந்ததும். "ஒரு வேலை மிச்சமாயிருக்கும்."

"வாயை மூடு."

"கோவிச்சுக்காத. க்வில் போட்ட கம்பி என்னைவிட ஆழத்துல கிடக்குதா?"

"உன்னைவிட அது சொன்ன பேச்சு கேக்குது."

சிரிப்பு அடங்கியது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "இங்கேயிருந்து கார் நிறுத்துற இடம் மட்டும்தான் தெரியுது, யூர். நாள் முழுக்க யாராவது டிக்கெட் மெஷின்கூடச் சண்டை போடுறான். இதைப் பாத்துக்கிட்டே என்னால போய்ச் சேர முடியாது. என்னைக் கூட்டிட்டுப் போயிடு."

வெளியே நடைக்கூடத்தில் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: உடம்பு இன்னும் கொஞ்சம் தளர்ந்தால் ஆம்புலன்ஸ் பயணத்தையே அவர் தாங்கமாட்டார். அப்புறம் கரண்ட் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நவம்பரில் மூன்றாவது ஆள் வந்தான். ஸ்டூவர்ட் என்று சட்டையில் எழுதியிருந்தது. வெல்ஷ் பேசாத, எல்லைக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரன், நல்ல தடியன். மழை வரும்போல் இருந்ததால் வேனை வயலுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான். பெட்டியைத் திறந்தான். டார்ச் அடித்தான்.

"எர்த் இல்லையேம்மா."

யூர்வென் நடந்துபோய்த் தன் காரை எடுத்தாள், கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினாள், இறங்கிப் பூட்டினாள். சாவியை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்டூவர்ட் காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்னம்மா பண்றீங்க?"

"நீ மாட்டாம போகப்போறதில்ல."

"இது ஆளைப் பிடிச்சு வைக்கிற வேலை. தெரியும்ல?"

"தெரியும். போலீசைக் கூப்பிடு. சிக்னல் அந்தப் படியில கிடைக்கும். இடது காலைத் தூக்கி அந்தக் கம்பத்துல வைக்கணும்."

அவன் உண்மையாகவே போய் வைத்துப் பார்த்தான். அவன் உடம்புக்குப் படி தாங்கவில்லை. மழை கொட்ட ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் இருவரும் கேரவனுக்குள் வந்தார்கள். அவள் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பழ ரொட்டியை நறுக்கி வெண்ணெய் தடவி அவன்முன் வைத்தாள், ஏதோ விருந்தாளிக்கு வைப்பதுபோல.

"சாப்பிடு. நேரம் ஆகும்."

அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். பிறகு அவனாகவே பேசினான். "எனக்கு மட்டும் ஆசையா, சொல்லுங்க? எர்த் இல்லாம மாட்டினேன்னு தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும். வீட்ல ரெண்டு குழந்தைங்க. நான் வேலையை முடிச்சதும் போட்டோ எடுத்து அனுப்பணும். ஆபீஸ்ல ஒருத்தன் உக்காந்து பாப்பான். போட்டோவுல பச்சை மஞ்சள் எர்த் கம்பி தெரியலைன்னா அவ்வளவுதான்."

யூர்வென் கெட்டிலைக் கீழே வைத்தாள். "போட்டோவுலயா?"

"ஆமா."

"லைன் கம்பெனிக்காரன் போட்டதா, க்வில் போட்டதான்னு போட்டோவுல எப்படித் தெரியும்?"

ஸ்டூவர்ட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"கம்பிக்குக் கம்பி பேரு எழுதியா வெச்சிருக்கு?" என்றாள் அவள்.

அவன் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தான். "உங்க கம்பி சரியா இருக்குன்னு நான் எப்படி நம்புறது?"

"நம்பாத. அளந்து பாரு."

சாவியை எடுத்துக்கொண்டு அவளே போய் க்வில்லை அழைத்து வந்தாள். வழி திறந்து கிடந்தும் ஸ்டூவர்ட் போகவில்லை. காரை மறுபடி குறுக்கே நிறுத்த மறக்கவில்லை. கம்பிகளை இணைக்கும் க்வில்லின் எர்த் கட்டை கேரவனின் அடியில் இருந்தது. அங்கே எந்தப் போட்டோவுக்கும் எட்டாது. லைன் கம்பெனியின் பெட்டிக்குள் வெளியாள் கைவைக்கக் கூடாது. அதனால் பெட்டிக்கு வெளியே, மீட்டர் வரும் பலகையிலேயே, ஒரு புதுக் கட்டையை அடித்தான் க்வில். பச்சை மஞ்சள் கம்பியைச் சேற்றிலிருந்து அங்கே கொண்டுவந்து முறுக்கினான். ஸ்டூவர்ட் தன் கருவியால் அளந்தான். திருப்பி ஒருமுறை அளந்தான்.

"நல்ல எர்த்துதான்," என்றான், கொஞ்சம் ஏமாந்தவன்போல.

"சேத்துல விழுந்து எந்திரிச்சுப் போட்டது, தம்பி," என்றான் க்வில். "நல்லா இல்லாம எங்க போகும்?"

மீட்டரை மாட்டிவிட்டு ஸ்டூவர்ட் மூன்று போட்டோ எடுத்தான், கம்பி தெரிகிற மாதிரி குனிந்து, சாய்ந்து, கல்யாணத்தில் எடுப்பவன்போல. கேரவனுக்குள் விளக்கு எரிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. யூர்வென் காரை நகர்த்தினாள்.

அந்த வாரமே இட்வல் வந்துவிட்டான். ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து ஓடை தெரியும் ஜன்னலருகே உட்காரவைத்தார்கள். படுக்கையோரம் நின்ற இயந்திரம் ஒரு பசுமாடு அசைபோடுவதுபோல உறுமிக்கொண்டே இருந்தது. அவன் சாலையைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான். "இந்த ஆஸ்பத்திரியில சாப்பாடு எப்படி?" என்றான்.

அவளுக்கோ இன்னொரு கதவு அடைத்துக்கொண்டது. சொந்த மண்ணில் இறக்கிய எர்த் என்றால் கூடவே ஒரு டிரிப் சுவிட்ச் இருந்தாக வேண்டும். கொஞ்சம் ஈரம் கசிந்தாலும் அது படாரென்று விழும். விழுந்தால் உறுமல் நிற்கும், இயந்திரம் வீறிடும், அவள் ஓடிவந்து குழாயை அவசர ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிச் சுவிட்சைத் தூக்கவேண்டும். மழைக்காலம் முழுக்க அவள் அந்த உறுமல் கேட்கும் தூரத்துக்கு அப்பால் போகவில்லை. கடைக்குப் போகவில்லை. சேப்பல் ஆராதனைக்குப் போகவில்லை. யாராவது வந்து பேசினாலும் ஒரு காது உள்ளேயே இருந்தது.

"ஒரு நடை போயிட்டு வாயேன்," என்பான் இட்வல். "உன் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்க எனக்கும் கஷ்டமா இருக்குல்ல?"

அவள் வயல் கேட் வரை போவாள். காற்று எதிர்த்திசையில் அடித்தால் அங்கே உறுமல் கேட்காது. உடனே திரும்பிவிடுவாள்.

மார்ச்சில் ஒரு நாள் காற்றே இல்லை. பக்கத்து வயலில் ஆட்டுக்குட்டிகள் கத்தின. அவள் கேட்டருகே நின்று வெயில் காய்ந்தாள். உறுமல் தெளிவாகக் கேட்டது, ஒரே சீராக, ஒரு குறையும் இல்லாமல். அது கேட்கிறது என்ற ஒரே தைரியத்தில் அவள் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டாள்.

உள்ளே வந்தபோது குழாய் அவன் மூக்கில் இருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது. அவன் அதை வாங்கவில்லை.

அவள் நேராகச் சுவிட்சுப் பெட்டிக்குத்தான் போனாள். சுவிட்ச் மேலேயேதான் இருந்தது. வெளியே போய் மீட்டரைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. கம்பியைத் தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. குறை சொல்ல எதுவுமே இல்லை. யாருக்கும் போன் செய்து சண்டைபோட இடமில்லை.

திரும்பிவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இயந்திரத்தை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. சாயங்காலம் க்வில் வந்துதான் நிறுத்தினான்.