கேட்டதில் பாதி

...இல்லை, ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைப் பெண்ணும் இரட்டிப்பாகத்தான் கேட்டிருப்பாள், எல்லோரும் அப்படித்தானே, ஒரு மணி நேரம் தேவையென்றால் இரண்டு என்பார்கள், நான் பாதியை வெட்டிவிட்டு ஒன்று கொடுப்பேன், அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் கௌரவம், ஊரிலிருந்து பெரிய கோப்புகள் வெளியே போகிற ஒரே தடித்த இணைய இணைப்புக்கு நேரம் பங்கிடும் மேசையில் உட்கார்ந்தே என் தலை வழுக்கையானது, உண்மை அளவைக் கேட்டவர் ஒருவரில்லை, வானிலைக்காரர்கள் ஒருமுறை ஒரு புயலை முழுதாக அனுப்பினார்கள், மறுமுனையில் குமாஸ்தாவின் குடை பறந்துவிட்டது, அந்தப் புயலுக்கே இரட்டிப்பு நேரம்தான் கேட்டார்கள்... ஸ்கேன் அறைப் பெண் மட்டும் எதற்குச் சரியாகக் கேட்கப்போகிறாள்? திரையில் பச்சைக் கோடு இன்னும் பாதியைத் தொடவில்லை, நத்தை பார்த்தால் சிரிக்கும், அந்தக் கோட்டுக்குள் என் மனைவியின் தலை இருக்கிறது, காலையில் நான் கிளம்பிய பிறகு குளியலறையில் விழுந்தவளின் மண்டைக்குள் எங்கே ரத்தம் கசிகிறதென்று காட்டும் படங்கள், வெளியூர் நிபுணர் பார்த்துச் சொன்னால்தான் இங்கே கத்தியைத் தொடுவார்கள், அவரோ வேறொரு அறுவைக்கு உள்ளே போகவிருக்கிறார், போனால் மாலைதான் வெளியே, படங்கள் முழுதும் போய்ச் சேராமல் அவரிடம் ஒன்றுகூடத் திறக்காது, மருமகன் போனில் சொன்னபோது நான் ஏற்கெனவே நேரத்தைப் பாதியாக வெட்டி முடித்திருந்தேன், யாருடைய தலை என்று எனக்கு யார் சொன்னார்கள்...

கேட்டுவிடலாம், கேட்டால் என்ன, ஸ்கேன் அறைக்குப் போன் போட்டேன். "ஒரு மணி நேரம் கேட்டியேம்மா, அதுல பாதி போதும்ல?" "எப்படி சார் போதும்? கணக்குப் போட்டுத்தானே கேட்டேன்." "ரெண்டு மடங்கா கேக்கணும்னு அங்க யாரும் சொல்லித் தரலியா?" "அது பொய் இல்லையா சார்?" வேலைக்குப் புதியவள், அவளைத் திட்டவும் வாய் வரவில்லை... நேரம் முடிந்ததும் இணைப்பு தானாக அடுத்தவருக்குப் போய்விடும், அடுத்தவர் மனம் வைத்தால்தான் நீட்டலாம், என்னாலும் முடியாது, என் சொந்தபந்தம் யாரும் சிபாரிசு என்று வந்து நிற்கக் கூடாதென்று நானே போட்ட பூட்டு, அடுத்தவர் மலைமேல் தொலைநோக்கி வைத்திருக்கும் நட்சத்திரக்காரர், அவரிடம் நான் விடாத கதையா?

"சொல்லுங்க பெரியவரே, இன்னைக்கு என்ன கதை?" "அரை மணி நேரம் விட்டுக்குடு தம்பி. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா, அவ தலைப் படம்தான் போயிட்டிருக்கு." "போன தடவை கேபிளைத் திமிங்கிலம் கடிச்சிருச்சுன்னீங்க." "அது சுறா." பாழாய்ப்போன வாய், இந்த நேரத்திலுமா திருத்தும்? "எடுத்து வச்ச படங்களை அனுப்பலைன்னா இங்க கம்ப்யூட்டர்ல இடமில்ல பெரியவரே, புதுசா பார்க்கறது எதையும் பதிய முடியாது." "சத்தியமாச் சொல்றேன் தம்பி, அரை மணி நேரம்தான்..." குரல் எங்கோ உடைந்தது, அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "அட, அழாதீங்க. கால் மணி நேரம் எடுத்துக்கோங்க, போங்க." வைத்துவிட்டார். பாதி. கேட்டதில் சரிபாதி, நான் கொடுப்பேனே அதே தாராளத்தோடு, அதே இளகிய குரலில்... ஒரு மணி நேரமென்று கேட்டிருக்க வேண்டும், ஆயுள் முழுக்கப் புளுகியவனுக்கு அவள் விஷயம் என்றதும் எங்கிருந்து வந்தது இந்த உண்மை? மறுபடி அழைக்கிறேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை, கோடு முக்காலில் நின்றால் முக்கால் தலையை வைத்துக்கொண்டு அந்த மருத்துவர் என்ன செய்வார், மறுபடி அழைக்கிறேன்...

இடையில் மருமகன். "மாமா, போயிடுச்சா?" "போயிட்டிருக்கு மாப்பிள்ளை. அத்தை எப்படி இருக்கா?" "ரொம்ப நல்லா இருக்காங்க மாமா. பேசினாங்க, சிரிச்சாங்க. நீங்க ஒண்ணும் பதறாதீங்க." என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிற மனிதர், இன்றைக்கு எதற்கு இத்தனை வார்த்தை... ரொம்ப நல்லா என்பதில் பாதி என்றால் நல்லா, அதிலும் பாதி என்றால்... போனை அவளிடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. "சரி மாப்பிள்ளை" என்றேன், அவர் சொன்னதை ஒரு துளிகூட வெட்டாமல் முழுதாக வாங்கிக்கொண்டேன், எதிர்முனையில் அவரும் வைக்காமல் நிற்கிறார், நான் எதையோ கேட்டுவிடப் போகிறேன் என்று பயந்தவரைப் போல.