கனிசியஸுக்குக் கிடைத்த பாஸ்

கனிசியஸ் பத்து வருடமாக உதைபந்து விளையாடினான், ஒரு நாளும் முன்னுக்கு வரவில்லை. எண்பத்து மூன்றில் பாசையூரில் ஒரு கழகத்தின் இரண்டாவது அணியில் சேர்ந்தவன், தொண்ணூற்று மூன்றிலும் அங்கேயேதான் நின்றான். கூட விளையாடியவர்களில் பாதிப்பேர் கனடாவில். இவனோ முப்பத்தெட்டு வயதில், முழங்காலில் துணிக்கட்டோடு, நெல்லியடி, உடுவில் என்று எங்கே சுற்றுப்போட்டி நடந்தாலும் சைக்கிளை எடுத்துவிடுவான்.

மனைவி மக்டலீனுக்கு அந்தப் பந்தைக் கண்ணில் காட்டக்கூடாது. அவன் விளையாட்டுக் கதை எடுத்தாலே எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். ஆனால் அவளுடைய உண்மையான பயம் வேறு. பிரான்சிலிருந்து அவனுடைய தம்பி வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் என்கிற அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டிய காலம். அவளுடைய அக்கா புருஷன் இப்படித்தான் பாஸ் எடுத்து, கிளாலியில் வள்ளம் ஏறிப் போனவன். போனவன் போனவன்தான், இன்றுவரை ஒரு சொல் இல்லை.

அந்த ஞாயிறு பின்னேரம் கழகச் செயலாளர் பஞ்சலிங்கம் நெல்லியடியிலிருந்து திரும்பும் வழியில், வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனான்.

"அக்கா, அண்ணைக்குக் கடைசியிலை பாஸ் கிடைச்சிட்டுது. இனி ஆளைப் பிடிக்கேலாது."

 விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாஸ் எடுத்திருக்கிறான் பாவி. மக்டலீனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கொடியில் கிடந்த அவனுடைய ஒரேயொரு நீளக் காற்சட்டையை இழுத்தெடுத்து வாளித் தண்ணீரில் முக்கினாள். ஈரக் காற்சட்டையோடு எந்தத் துரை பிரான்சுக்குப் போகிறார் பார்ப்போம்.

பொழுதுபடக் கனிசியஸ் வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் புழுதி, முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எப்ப வெளிக்கிடுறியள்?"

"எங்கை?"

"பாஸ் கிடைச்சதாமே. பஞ்சலிங்கம் சொன்னவன்."

"ஓம், இராசநாயகம் தந்தவன். அவன் ஒருத்தருக்கும் குடுக்காத ஆள், இண்டைக்கு என்ன நினைச்சானோ. அப்பிடியே இடக்காலாலை அடிச்சன். கோல்."

இராசநாயகம் அணியின் முன்வரிசைப் பெடியன். காலில் பந்து பட்டால் கோல் கம்பம் வரைக்கும் தானே கொண்டுபோவான், பக்கத்தில் நிற்கிறவனைத் திரும்பியும் பாரான். அவன் தட்டிக் கொடுத்த பந்துதான் அந்தப் பாஸ் என்று விளங்க மக்டலீனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கிணற்றுக் கட்டில் குந்தி, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

வாளிக்குள் காற்சட்டையைக் கண்டு அவன் என்ன ஏது என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"தம்பி கூப்பிடுறான்தான். ஆனால் பாரிசிலை என்னை எந்த ரீமிலை சேர்ப்பாங்கள்? இஞ்சை எண்டால் எனக்கு ஒரு இடம் கிடக்கு."

உம்மை விட்டு எப்படிப் போவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மனுசன் சொல்லவில்லை. மக்டலீன் அதைக் குறையாக எடுக்கவுமில்லை. பத்து வருடமாகத் தான் திட்டித் தீர்த்த பந்துதான் இவனைப் போகவிடாமல் வைத்திருக்கிறது. மாதாவே என்று நெஞ்சு ஆறியது.

"அடுத்த மட்ச் எப்ப?" என்று கேட்டாள். அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"வாற ஞாயிறு, உடுவிலிலை."

"நேரத்தோடை போங்கோ. பிந்தினால் வெளியிலை இருத்திப்போடுவாங்கள்."