மலை தெரிகிற பக்கம்

புண் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அதீபாவுக்கு வாடை வந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை மாதம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ் அவள். குமரேசனின் பெண்டாட்டி பாஞ்சாலையும் ஒரு கை கொடுக்க, அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். வலது இடுப்பில் பாஞ்சாலை கட்டியிருந்த வேட்டித் துணி தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. மருந்துத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெல்ல மெல்ல உரித்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் குழி. ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. பாஞ்சாலை புண்ணைப் பார்க்கவில்லை, நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல வெள்ளையா இருக்குதே, சீழா சிஸ்டர்?"

"எலும்பும்மா."

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலைக் கொடி ஏற்றிய டிராக்டரின் உச்சியிலிருந்து விழுந்தவன் குமரேசன். முதுகுத் தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது ஊருக்குப் போகமாட்டேன், மலை தெரிகிற இடமாகப் பார் என்று ஒரே பிடிவாதம். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் சுற்றிய கால். செங்கம் ரோட்டுப் பக்கம் இந்த ஒற்றை அறை அமைந்தது. வடக்குப் பார்த்த ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. அதை ஒட்டிக் கட்டில்.

வலி தெரியாத உடம்பைத்தான் புண் தேடி வரும் என்று அதீபா முதல் தடவையே சொல்லியிருந்தாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம் என்று மாற்றிப் போட வேண்டும். எங்காவது சிவந்து, விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் அந்தப் பக்கம் படுக்கவே விடக்கூடாது, உடனே போன் செய்ய வேண்டும். அன்றைக்குக் குமரேசன் சிரித்தான். மல்லாட்டைக் கொடியையே பொரட்டிப் போட்டுத்தானே காய வைக்கிறோம், நம்மையும் பொரட்டச் சொல்கிறது நர்ஸம்மா என்றான்.

இப்போது அதீபா கேட்டாள், திருப்பிப் போட்டீர்களா என்று.

"போட்டேன் சிஸ்டர்," என்றாள் பாஞ்சாலை. சொன்னவள் கட்டில் காலைப் பார்த்தாள்.

சுவரைப் பார்த்துக் கிடந்தபடியே குமரேசன் பேசினான். "அவ போட்டா. நான்தான் உடனே இந்தாண்ட திருப்புன்னு கத்துவேன். மல்லாக்கப் போட்டா மோட்டுவளை. அப்பிடிப் போட்டா செவுரு. மலைக்கு முதுவக் காட்டிக்கினு எப்பிடிம்மா கெடக்கறது? வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன். வலிக்கவே இல்லியே."

சிவப்பைப் பாஞ்சாலை பார்த்திருக்கிறாள். போர்வை மடிப்பு அழுந்தின தடம் என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள். அப்புறம் தோல் வழன்றபோது, சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று இவன் சொல்ல, இவளும் இருந்துவிட்டாள். அதையெல்லாம் ஒவ்வொன்றாக, கேட்காமலே, தரையைப் பார்த்துச் சொன்னாள். அதீபா குழியைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அலுப்பில் அவள் வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டது.

"தலகாணிய கால்மாட்டுக்கு மாத்திப் போட்டிருந்தா எடப்பக்கம் ஒருக்களிச்சாலும் மலை தெரிஞ்சிருக்குமேம்மா."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன மாதம் இதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள்தானே அவளும். திருப்பிப் போடுவதில் என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பாஞ்சாலை கட்டிலைப் பார்த்தாள். தலைமாட்டையும் கால்மாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தினமும் பெருக்கித் துடைக்கிற இடம். கிழக்கே தலை வைப்பது நல்லது என்று போட்டது. மேற்கே வைத்தால் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. குமரேசனின் தோள் ஒரு தரம் குலுங்கி அடங்கியது.

அதீபா வெளியே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். ஜுரம் ஜாஸ்தி, ரத்தம் கம்மி, விஷம் உடம்பில் ஏற ஆரம்பித்துவிட்டது, இன்றைக்கே சேர்க்க வேண்டும் என்றாள். அறுத்து எடுத்தால் சரியாகிவிடுமா என்று பாஞ்சாலை கேட்டதற்கு, முதலில் சேர்ப்போம் என்று மட்டும் சொன்னாள். ஆம்புலன்சுக்கு வழி காட்ட அவள் ரோட்டு முனைக்குப் போகும் முன், இரண்டு பேருமாகப் போர்வையோடு தூக்கி அவனைத் தலைமாடு கால்மாடு மாற்றிக் கிடத்தினார்கள். இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் துணிச் சுருட்டு வைத்தாள் அதீபா. கஷ்டமே இல்லாமல் ஆகிவிட்டது.

ஜன்னலில் மலை அப்படியே இருந்தது. பாஞ்சாலை கட்டில் ஓரம் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கை நெருப்பாகக் கொதித்தது.

"ஆஸ்பத்திரில ஜன்னல் பக்கமா கேட்டு வாங்கறேன்யா."

"அங்க அந்தாண்ட கட்டடம்தான் தெரியும்," என்றான். மூச்சு வாங்கியது. "ஏ பாஞ்சால, தள்ளி உக்காரு. மறைக்குது."

அவள் எழுந்து சுற்றிக்கொண்டு அவன் முதுகுப் பக்கம் போனாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது. புதிதாகப் போட்ட வெள்ளைக் கட்டின் நடுவில் ஈரம் ஒரு பொட்டாகத் தெரிந்து, பார்க்கப் பார்க்க அகலமாகிக்கொண்டிருந்தது. ஒரு ஈ வந்து உட்காரப் பார்த்தது. முந்தானையால் அதை விரட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.